ஒமாஹாவிலிருந்து அப்பாவுக்கு

ஒமாஹா, நெப்ராஸ்கா
ஜூன் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

"நீ டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. மருத்துவப் பல்கலைக்கழகத்தில் உனக்கு என்னதான் வேலை?" என்று போனில் கேட்டீர்கள். அது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. ஆயுசு முழுக்கக் கல்லூரி அலுவலகத்தில் ஃபைல் பார்த்தவர் நீங்கள்; நம் வீட்டில் வேறு யாரையும்விட உங்களுக்குத்தான் இது புரியும்.

அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் பெரும்பாலும் என்.ஐ.எச். என்ற தேசிய சுகாதார நிறுவனங்கள் வழியாகத்தான் வருகிறது. அதில் பெரும்பங்கு பாஸ்டன், கலிஃபோர்னியா போன்ற இடங்களுக்கே போய்க்கொண்டிருந்தது. குறைவாகப் பெறும் மாநிலங்களுக்கென்று 1993-இல் ஐடியா என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் ஒரு பகுதிதான் நான் வேலை பார்க்கும் இன்ப்ரே. 23 மாநிலங்களிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் இது நடக்கிறது. நெப்ராஸ்காவில் எங்கள் மருத்துவப் பல்கலைக்கழகம் தலைமை. கூடவே கியர்னி, வேய்ன், பெரு, சாட்ரன் என்று சிற்றூர்க் கல்லூரிகள். அங்கே பி.எஸ். படிக்கும் பிள்ளைகளுக்கு ஆய்வகத்தில் உண்மையான ஆராய்ச்சி கற்றுக்கொடுப்பதுதான் நோக்கம்.

சாட்ரன் இங்கிருந்து 400 மைலுக்கு மேல். ஒரே மாநிலம்தான், ஆனாலும் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். கூட்டம் என்று அறிவித்தால் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுவேன். வழி முழுக்க மாட்டுப் பண்ணை, புல்வெளி, வானம்.

பணம் முதலில் எங்களுக்கு வரும். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனி ஒப்பந்தம் போட்டு நாங்கள் பிரித்துக் கொடுக்க வேண்டும். யூ.ஜி.சி. பணத்துக்கு நீங்கள் மார்ச் மாதம் யூ.சி., அதாவது பணத்தைச் செலவழித்ததற்கான சான்றிதழ், தயார் செய்வீர்களே, ராத்திரி பத்து மணிக்கு வீட்டுத் திண்ணையில் ரசீதுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு? அதேதான், ஆனால் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளுக்கு. ஒவ்வொன்றுக்கும் அதனதன் கணக்கு முறை, அதனதன் சம்பளத் தேதி. ஐந்து வருஷத்துக்கு அனுமதி தந்தாலும், வருஷா வருஷம் முன்னேற்ற அறிக்கை போனால்தான் அடுத்த வருஷப் பணம். எலியை வைத்துச் செய்யும் ஆய்வென்றால், விலங்கு நலக் குழுவின் அனுமதி இல்லாமல் அந்த வேலைக்கு ஒரு டாலர்கூட எழுத முடியாது.

இந்த ஜூன் மாதம்தான் எனக்குப் பெரும்பாடு. கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஆய்வகங்களுக்கு வந்து சேர்கிறார்கள். உதவித்தொகை இரண்டு வாரம் தள்ளிப்போனால் நமக்கு அது ஒரு கையெழுத்துப் பாக்கி. அந்தப் பிள்ளைக்கு அறை வாடகை. அதனால் ஏப்ரலிலேயே ஒவ்வொரு படிவத்தையும் துரத்த ஆரம்பித்துவிடுவேன். பலருக்குக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் தாங்கள்தான். மாட்டுப் பண்ணையிலிருந்து வந்த ஒரு பெண், செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவிக்கு முன்னால் முதல் நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இப்போது புதிதாக வருபவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள்.

கருவியைவிட ஆசிரியர்களின் நேரத்துக்குத் தரும் பணம்தான் முக்கியம் என்பது என் எண்ணம். சின்னக் கல்லூரி ஆசிரியருக்கு வாரம் முழுக்க வகுப்பு. திட்டப் பணத்தில் ஒரு வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தால்தான் அவர் ஆய்வகத்துக்குள் காலெடுத்து வைக்க முடியும். பட்ஜெட்டைக் குறைக்கச் சொல்லும்போது எல்லோரும் முதலில் வெட்டப் பார்ப்பது அந்த வரியைத்தான். நான் அதற்காக வாதாடுவேன். கருவி வாங்கி மூடிபோட்டு வைத்த ஆய்வகங்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

மார்ச்சில் கியர்னிக்குப் போயிருந்தேன். பிளாட் ஆற்றங்கரையில் சாண்ட்ஹில் கொக்குகள், லட்சக்கணக்கில்! வடக்கே போகும் வழியில் இங்கே தங்கி, அறுவடை முடிந்த சோள வயல்களில் மேய்கின்றன. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு எங்களைச் சைக்கிளில் கூட்டிப்போனது ஞாபகம் வந்தது. நீங்களும் அம்மாவும் வருவதென்றால் மார்ச்சிலேயே வாருங்கள். ஜனவரிக் குளிரை அம்மாவால் தாங்க முடியாது.

இன்னொன்று. சித்தப்பா மகள் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் வருஷம் போகிறாள் அல்லவா? பெங்களூரு அறிவியல் அகாடமி, மற்ற இரண்டு தேசிய அகாடமிகளோடு சேர்ந்து, மாணவர்களைக் கோடையில் நல்ல ஆய்வகங்களுக்கு உதவித்தொகை கொடுத்து அனுப்புகிறது. விண்ணப்பம் முந்தைய வருஷக் கடைசியிலேயே வந்துவிடும். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும், என்ன கற்க விரும்புகிறாள் என்று சிறு கட்டுரையும் வேண்டும். கட்டுரையை அவளே எழுதட்டும், நான் படித்துப் பார்க்கிறேன். பரிந்துரைக்கு மட்டும் நீங்கள் அவளோடு கல்லூரிக்குப் போய் வாருங்கள். கேட்கக் கூச்சப்படுவாள்.

அன்புடன்,
உங்கள் மகள்