கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாங்கு

கும்பகோணம்,
ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.

அன்புள்ள வசந்தா,

மாசியில் நீ எழுதிய கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். "அட்டை வெட்ட எந்த மிஷின் வாங்கலாம், ஒரே வரியில் சொல்" என்று கேட்டிருந்தாய். நீ கேட்டபோது, நான் ஆசையாக வாங்கிய இயந்திரம் பழைய சுங்குடிச் சேலை போர்த்தியபடி பீரோவின் மேல் உட்கார்ந்திருந்தது. தவறானதை வாங்கிவிட்டேன் என்று உன்னிடம் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்ததால், பதிலையே தள்ளிப் போட்டேன். நீ ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாய் என்பது எனக்குத் தெரியாதா? எருமைக் கதையை நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள் அல்லவா நீ.

இங்கே எல்லோரும் நலம். நேற்று பகவத் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுவிட்டு வந்தேன். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. அட்டை வெட்டும் உலோக அச்சுக்கு டை என்று பெயர்; அது முதன்முதலில் பார்சலில் வந்த அன்று கொரியர்காரர் "டை வந்திருக்கிறது" என்று வாசலில் நின்று சொன்னதைக் கேட்டு, "இந்த வயதிலாவது தலைக்கு அடிக்க வேண்டும் என்று தோன்றியதே" என்றவர், இன்னும் அதை விடவில்லை.

போன வாரம் உன் மருமகள் தொலைபேசியில் சொன்ன செய்திதான் என்னை இப்போது உட்கார்ந்து எழுத வைத்தது. நீ கைப்பிடி சுற்றும் வகையை, அதிலும் ஏ4 அகலம் உள்ள பெரியதை, கொலுவுக்கு முன் வாங்கிவிடுவது என்று தீர்மானித்துவிட்டாயாம். பொறு. என் கதையைக் கேட்டுவிட்டுப் பிறகு பணத்தைக் கட்டு.

நான் வாங்கியது கணினியோடு இணைத்து ஓட்டும் வகை. எந்தக் கம்பெனி என்று கேட்காதே, குற்றம் அவர்களுடையதைவிட என்னுடையது. பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபில் முனை அளவுக்கு ஒரு சிறிய பிளேடு, பசை தடவிய பன்னிரண்டு அங்குல விரிப்பில் (மேட் என்பார்கள்) ஒட்டிய அட்டையின்மேல் ஓடி, திரையில் நாம் வரைந்த உருவத்தை அப்படியே வெட்டித் தரும். கடையில் பார்த்தபோது வாயைப் பிளந்து நின்றேன். எந்தக் கோலத்தையும், எந்த எழுத்தையும், எந்த அளவிலும் வெட்டலாம் என்றால் வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன். சின்னவள் சென்னையிலிருந்து வந்து மடிக்கணினியில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் ரயில் ஏறிய மறுநாளே எனக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டது.

அது போகட்டும். என் நாத்தனார் பேத்தியின் வளைகாப்புக்கு எண்பது அழைப்பு அட்டைகள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் இரண்டு வளையல்களும் நடுவில் ஒரு சிக்குக் கோலமும் என்பது என் திட்டம்; தாளோ, நீயும் நானும் எப்போதும் ஆசைப்படுகிற கைத்தயாரிப்புத் தாள். பிளேடு என்பது தாளின்மேல் இழுபட்டுக்கொண்டே போவது. கைத்தயாரிப்புத் தாளோ நார் நாராக இருப்பது. வளைவுகளில் எல்லாம் நார் பிளேடோடு சேர்ந்து எழும்பி, வளையலின் ஓரம் பல் போன சீப்பைப் போல் ஆகிவிட்டது. உதிர்ந்த பஞ்சு விரிப்பில் அப்பியதில் பசை போய், அடுத்த தாள் மூலையில் தூக்கிக்கொண்டது. முப்பதாவது அட்டை பாதியில் இருக்கும்போது மின்சாரம் போயிற்று. திரும்பி வந்தபோது, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்ற எண்ணமே அந்த இயந்திரத்துக்கு இல்லை. முதலிலிருந்து தொடங்கு என்றது. அன்று இரவு பதினொரு மணிக்கு நான் அழுதேன் என்பதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

மறுநாள் பின்தெருவில் மழலையர் பள்ளி நடத்தும் பெண்ணிடமிருந்து கைப்பிடி இயந்திரத்தை இரவல் வாங்கி வந்தேன். அதற்கு மின்சாரமும் வேண்டாம், கணினியும் வேண்டாம். கடைத்தெருவில் கரும்புச் சாறு பிழிகிறார்களே, அதே தத்துவம்தான்: இரண்டு உருளைகள், அவற்றுக்கு நடுவே ஒரு சந்து, பக்கத்தில் ஒரு கைப்பிடி. அடிப்பலகையை வைத்து, அதன்மேல் பிளேட் எனப்படும் ஒரு கண்ணாடி நிற பிளாஸ்டிக் தகட்டைப் போட்டு, டையைக் கூர்ப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, அதன்மேல் அட்டையையும் இன்னொரு பிளேட்டையும் அடுக்கி உள்ளே விட்டுச் சுற்றினால், மறுபக்கம் வெட்டுண்ட அட்டை வந்துவிடும். முதல் முறை சுற்றும்போது படபடவென்று அப்பளம் நொறுங்குவது போன்ற சத்தம் கேட்டு, இரவல் பொருளை உடைத்துவிட்டேன் என்று பதறிப்போனேன். பிளேட்டில் டை பதிகிற சத்தம் அது, அப்படித்தான் கேட்கும். இங்கே கத்தி இழுபடுவதில்லை, மேலிருந்து அழுத்துகிறது. அதனால் அதே கைத்தயாரிப்புத் தாளில் வளையல் ஓரம் அவ்வளவு சுத்தமாக வந்தது. பொடி வேலைப்பாடு உள்ள டையில் மட்டும் அட்டைத் துணுக்குகள் சிக்கிக்கொள்கின்றன. நடுவே பட்டர் பேப்பர் ஒன்றை வைத்தால் பாதி தொல்லை போய்விடுகிறது, மீதியை ஊசியால் குத்தி எடுக்கலாம். நூற்று அறுபது வளையல்களையும் ஒரே மாலையில் முடித்துவிட்டேன்.

சிக்குக் கோலம் மட்டும் நின்றுபோயிற்று, ஏனென்றால் அந்த வடிவத்தில் டை கிடைக்கவில்லை. கைப்பிடி இயந்திரம் வாங்குகிறவர்கள் யோசிக்காத சங்கதி இது: அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது, டை எதுவோ அதுதான் வரும். விற்கிற டைகளில் பனித்துளி உண்டு, கலைமான் உண்டு, மேப்பிள் இலை உண்டு, பூசணிக்காய்கூடச் சிரித்துக்கொண்டு இருக்கிறது. ஆனால் ஒரு வெற்றிலை தேடி அலுத்துப்போனேன். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு வெற்றிலைக்குத் தவிக்கும் கொடுமையை என்னவென்று சொல்வது! கடைசியில் இதய வடிவ டையால் வெட்டி, நுனியைக் கத்தரிக்கோலால் கூராக்கிச் சமாளித்தேன். இன்னொன்று: இயந்திரத்தை ஒருமுறை வாங்கினால் முடிந்தது, டைகளை வாங்கி முடியவே முடியாது. இரவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆறு அங்குல வாய் உள்ள ஒன்றை நானே வாங்கி நான்கு மாதம் ஆகிறது; இயந்திரத்துக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு டைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது, எழுதிவிடாதே.

டை கிடைக்காத வடிவங்களுக்கு வேண்டும் என்று கணினி வகையை நான் விற்கவில்லை. கோலத்துக்கு அதுதான். நாம் தரையில் போடுவதைப் போலவே வெட்டினால் ஒரு பிரயோசனமும் இல்லை. மூடிய கோட்டுக்குள் இருப்பதெல்லாம் பொத்தென்று விழுந்து, கையில் ஓட்டைதான் மிஞ்சும். கோட்டுக்கே ஒன்றரை மில்லிமீட்டர் கனம் கொடுத்து, கோடுகள் ஒன்றையொன்று தாண்டும் இடங்களை ஒட்டவைத்து, விழப்போகிற பாகங்களுக்குச் சிறிய பாலம் விட வேண்டும். ஐவரி அட்டையில் அது அற்புதமாக வருகிறது. அந்த வகை வாங்கும் எண்ணம் உனக்கு எப்போதாவது வந்தால், இயந்திரத்தைவிட மென்பொருளைப் பற்றி அதிகமாக விசாரி. இந்த வகை இயந்திரங்களைச் செய்யும் கிரிகட் நிறுவனம் 2021 மார்ச்சில், சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 சொந்தப் படங்களுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அறிவித்து, வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பிறகு பின்வாங்கியது. நம் வீட்டில் இருக்கும் பொருளின் கயிறு இன்னொருவர் கையில் இருக்கிறது என்பதை அப்போதுதான் பலர் உணர்ந்தார்கள். சில்லூயெட் கேமியோ என்ற இன்னொரு இயந்திரத்தின் மென்பொருள் இணையம் இல்லாமலும் ஓடும், ஆனால் அதன் இலவசப் பதிப்பு எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பைத் திறக்காது. பிரதர் ஸ்கேன்-என்-கட் காகிதத்தில் நாம் பேனாவால் வரைந்ததையே பார்த்து வெட்டும் என்பதால், கணினி என்றாலே ஒதுங்குகிற நம் போன்றவர்களுக்கு அது தோதாக இருக்கலாம்.

இருநூறு முந்நூறு அட்டைகள் ஒரே வடிவத்தில் வேண்டுமானால் இது எதுவுமே வேண்டாம், அச்சகத்தில் கொடுத்துவிடு. பழைய டிரெடில் அச்சு இயந்திரத்தில் டை கட்டிங் செய்து தருகிறவர்கள் உன் ஊரிலும் இருப்பார்கள். ஒட்டுப்பலகையில் இரும்புப் பட்டையை வளைத்துச் சொருகி, நாம் கேட்கிற வெற்றிலையைச் செய்துவிடுவார்கள். அந்த டையை வாங்கி வந்து நம் சிறிய இயந்திரத்தில் விடலாமே என்று எனக்கும் தோன்றியது. அச்சகப் பட்டையின் உயரம் 23.8 மில்லிமீட்டர், நம் உருளைச் சந்தில் அது நுழையாது.

நீ பார்த்து வைத்திருக்கும் சிஸிக்ஸ் பிக் ஷாட் வகையைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. அதன் தாய் நிறுவனமான எல்லிசன் 1977இல் அமெரிக்காவில் தொடங்கியபோது, பள்ளி ஆசிரியர்கள் அறிவிப்புப் பலகைக்கு எழுத்து வெட்டுவதற்கான இயந்திரத்தைத்தான் செய்ததாம். ஆண்டு விழாவுக்கு நீயும் நானும் தெர்மகோலில் 'வரவேற்கிறோம்' வெட்டி, 'ற்'-இன் புள்ளியைத் தொலைத்துவிட்டு, டிராயிங் வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை நினைத்தேன்.

என் சண்டை அந்த ஏ4 அகலத்தோடுதான். பாத்திரக்கடையில் எப்போதும் பெரிய அண்டாவாகப் பார்த்து எடுக்கும் பழக்கத்தை இதிலும் காட்டாதே. உன் பொங்கல் வாழ்த்து எல்லாமே ஏ5 தாளை இரண்டாக மடித்தது. ஏ5-இன் அகலம் 148 மில்லிமீட்டர், ஆறு அங்குல வாயின் அகலம் 152. மடிக்காத தாளே நீளவாக்கில் போய்விடும். பெரியதில் பிளேட் பெரிது, விலை அதிகம், எடை அதிகம். பிளேட்டுகள் வெட்ட வெட்ட வாழைப்பழம் போல் வளையும். ஒவ்வொரு முறையும் திருப்பிப் போட்டால் கொஞ்ச காலம் தாங்கும், பிறகு புதிதுதான்.

வசந்தா, இதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தது ஒன்றைச் சொல்லத்தான். உன் வலது மணிக்கட்டை நீ மறந்தாலும் நான் மறக்கவில்லை. கிணற்றடியில் விழுந்து, கட்டுப் பிரித்த பிறகும் காபி டவராவை இரண்டு கையாலும் பிடித்ததை நான் பார்த்தேன். நான் பார்க்கவில்லை என்று நீ நினைத்துக்கொண்டாய். இந்தக் கைப்பிடி தையல் மிஷின் சக்கரம் அல்ல. டையின் நீண்ட விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் உருளைக்கு அடியில் போகும்போது, எனக்கே ஒரு கணம் முழங்கையும் தோளும் சேர்ந்து தள்ள வேண்டியிருக்கிறது. டையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் விளிம்பு சிறிது சிறிதாக நுழைவதால் பாரம் குறைகிறது. இருந்தாலும் நூறு அட்டை என்பது நூறு முறை. ஏ4 அகலத்து டை என்றால் கேட்கவே வேண்டாம்.

மோட்டார் வைத்த உருளை இயந்திரமும் உண்டு, ஜெமினி என்று ஒன்று. அதே டைதான், பொத்தானை அழுத்தினால் தானாக இழுத்துக்கொள்ளும். நீ உடனே கஜாவைச் சொல்வாய். 2018 நவம்பரில் மன்னார்குடி நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததையும், மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீ எனக்கு எழுதிய கடிதத்தையும் நான் வைத்திருக்கிறேன். ஆனால் புயலடிக்கும்போது யாருக்கடி வாழ்த்து அட்டை செய்யப் போகிறாய்? உன் தம்பி மகன் நியூ ஜெர்சியிலிருந்து கொண்டு வருவதானால் மட்டும், அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல். அங்கே 120, நமக்கு 230. 120 மட்டும் போட்டிருந்தால் செருகிய அன்றே புகைந்துவிடும்.

எது வாங்குவது என்று இப்போதும் நான் சொல்லப் போவதில்லை, உன் கைதான் சொல்ல வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை நீடாமங்கலம், வலங்கைமான் வழியாக வரும் பேருந்தில் ஏறி வா. டாக்டர் கொடுத்த பட்டையைக் கையில் போட்டுக்கொள், உன் ஆரஞ்சு நிறத் தாளில் இருபது கொண்டு வா. என் இயந்திரத்தில் இருபதையும் நீயே வெட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்க்கிறேன். மறுநாள் காலையில் டவராவை ஒரு கையால் தூக்க முடிந்தால், ஆறு அங்குலத்தை நானே உனக்கு ஆர்டர் போட்டுத் தருகிறேன். முடியாவிட்டால் மோட்டார்.

அன்புடன்,
மீனாட்சி

பி.கு.: உறைக்குள் ஒரு வெற்றிலை வைத்திருக்கிறேன். காம்பு ஒடிந்திருந்தால் தபால்காரரைத் திட்டாதே. பிளேடு இழுத்ததில் அது இங்கேயே ஒடிந்துவிட்டது.