கார் இருக்கைத் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையின் ஃபினிஷிங் பிரிவில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கார்களின் தோல் இருக்கைகளைச் சுத்தம் செய்வதில் பரவலாக நடக்கும் ஒரு தவறைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற மாதம் என் தங்கை மகன் தன் காரை வாட்டர் சர்வீசுக்கு விட்டு எடுத்து வந்தான். இருக்கைகள் பளபளவென்று இருந்தன. ஏறி உட்கார்ந்து இறங்கியதும் என் வேட்டியில் பழுப்புக் கறை. சலவைத் தூள் கரைத்த தண்ணீரால் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் பூசியிருக்கிறார்கள். தோல் வெடிக்காமல் இருக்க எண்ணெய் குடிக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்களாம். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. தோல் செருப்புக்கு எண்ணெய் தடவிப் பழகிய கைகள் அவை.

ஆனால், கார் இருக்கைத் தோல் எண்ணெய் குடிக்காது. பதனிடும்போது தோல் இழக்கும் இயற்கைக் கொழுப்புக்கு ஈடாக, டிரம்மில் உருட்டும்போதே எண்ணெய்க் கலவையை ஊட்டிவிடுகிறோம். பிறகு நிறப்பூச்சும், அதன்மேல் பாலியூரித்தேன் மேற்பூச்சும் ஏற்றுகிறோம். நம் கை படுவது அந்த மெல்லிய படலத்தின் மீதுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உறிஞ்சாமல் முத்தாக நிற்கும். அதேபோல மேலேயே தங்கிவிடும் தேங்காய் எண்ணெய், வெயிலில் நிற்கும் காருக்குள் காரல் வாடை அடித்து, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தத் தூசி உப்புத்தாள் போல மேற்பூச்சைத் தேய்க்கும். ஓட்டுநர் இருக்கையில் கதவுப் பக்கத்து மேடு முதலில் வெளுத்து வெடிப்பது பெரும்பாலும் இந்த உரசலால்தான். சலவைத் தூளோ இன்னும் மோசம். பதனிட்ட தோல் அமிலத்தன்மை உடையது. தூளின் காரநீர் தையல் வழியாகவும் காற்றுத் துளைகள் வழியாகவும் உள்ளே இறங்கினால் தோல் நாளடைவில் விறைத்துப்போகும்.

செய்ய வேண்டியது எளிது. முதலில் மடிப்புகளில் உள்ள மண்ணை வேக்குவம் கொண்டு எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் துடைக்கும் துணியே கீறிவிடும். தோலுக்கென விற்கும் காரமில்லாத கிளீனரை இருக்கையில் ஊற்றாமல், மென்மையான பிரஷ்ஷில் எடுத்து நுரையால் மட்டும் தேய்த்து, ஈரத்துணியால் உடனே துடைத்து, நிழலில் கதவைத் திறந்துவைத்துக் காயவிட வேண்டும். புது ஜீன்ஸின் நீலச் சாயம் ஏறியிருந்தால் அன்றன்றே துடைப்பது நல்லது, ஊறிவிட்டால் போகாது. தோலுக்கென விற்கும், எண்ணெய்க்குப் பதில் நீரை அடிப்படையாகக் கொண்ட கண்டிஷனர் என்ற பராமரிப்புப் பூச்சை மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்தெடுத்தால் போதும். விழுந்த வெடிப்பை எந்தக் கண்டிஷனரும் மூடாது; அதற்கு நிறப்பூச்சு வேலைதான் வழி.

இன்னொன்று, தோல் இருக்கை என்று விற்கப்படும் பல கார்களில் உட்காரும் பகுதியும் சாயும் பகுதியும் மட்டுமே தோல். பக்கங்களும் பின்புறமும் ரெக்சின். ரெக்சினுக்குக் கண்டிஷனர் தேவையே இல்லை. எந்தப் பகுதி தோல், அதில் எதைப் பூசக்கூடாது என்பதைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளாக, வண்டியை ஒப்படைக்கும்போதே கார் விற்பனையாளர்கள் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாட்டர் சர்வீஸ் நிலையங்களின் சுவரிலும் அந்தத் தாளை ஒட்டி வைக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோல் தொழிலாளி,
ராணிப்பேட்டை.