கைதுக்கான ‘காரணம்’ வேறு, ‘அடிப்படை’ வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாரைக் கைது செய்தாலும் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததாகச் செய்திகளில் வருகிறது. தீர்ப்பு கேட்பது காரணத்தை அல்ல, அடிப்படையை. தமிழில் இரண்டையும் ‘காரணம்’ என்றே எழுதிவிடுகிறோம். அதே குழப்பம் காவல் நிலையத்தில் எழுதப்படும் தாளிலும் இறங்கிவிடுவதால்தான் இந்தக் கடிதம்.

நீதிமன்ற வளாகத்தில் இவற்றை ரீசன்ஸ், கிரவுண்ட்ஸ் என்று பிரித்துச் சொல்வார்கள். ‘வெளியே இருந்தால் சாட்சிகளைக் கலைப்பார், தலைமறைவாவார், மேல் விசாரணைக்குத் தேவைப்படுகிறார்’ என்பதெல்லாம் ரீசன்ஸ். பெயரை மட்டும் மாற்றினால் எந்த வழக்கிலும், எந்த ஆளுக்கும் பொருந்தும். ‘இந்தத் தேதி இரவு, இந்த இடத்தில், திருட்டு வண்டி உங்கள் வசம் இருந்தது, இந்த சாட்சி அதைப் பார்த்திருக்கிறார்’ என்பது கிரவுண்ட்ஸ். அது அந்த ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். தன் மீது என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அவரால் ரிமாண்டை, அதாவது நீதிமன்றம் தன்னைக் காவலில் வைக்க உத்தரவிடுவதை, எதிர்க்க முடியும், பிணை கேட்க முடியும். இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2024 மே 15 அன்று பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் தெளிவாகப் பிரித்துச் சொன்னது.

எழுத்தில் தர வேண்டும் என்பதைச் சட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, கைதின் அடிப்படையை உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது; ‘எழுத்தில்’ என்ற சொல் அதில் இல்லை. அந்தச் சொல்லைச் சேர்த்தவை தீர்ப்புகள்தான். 2023 அக்டோபரில் பங்கஜ் பன்சால் வழக்கில் அமலாக்கத் துறைக் கைதுகளுக்குச் சொன்னார்கள். பிரபீர் வழக்கில் அது ‘உபா’ எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்கும் நீண்டது. 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில், அடிப்படையைத் தெரிவிக்காத கைது அரசமைப்பின் 22(1) பிரிவை மீறுகிறது என்றார்கள். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் கர்நாடகக் கொலை வழக்கொன்றில் வேறொரு அமர்வு, எழுத்தில் தராததால் பாதிப்பு நேர்ந்ததா என்று பார்க்க வேண்டும் என்றது. 2025 நவம்பர் 6-இல் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில்தான், எந்தச் சட்டத்தின் கீழான கைதானாலும் எழுத்தில், அதுவும் கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று முடிவானது. அரசமைப்பின் 141-ஆம் பிரிவுப்படி உச்ச நீதிமன்றம் சொல்லும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். தர்மபுரி, கிருஷ்ணகிரி நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றங்களும் அதில் அடக்கம்.

‘புரியும் மொழி’ என்ற இரண்டு சொற்கள் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் லேசானவை அல்ல. தளி, தேன்கனிக்கோட்டை, பேரிகை, வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கோ கன்னடமோதான் பல வீடுகளில் பேச்சு. ஓசூர் சிப்காட்டில் இந்தியும் ஒடியாவும் பேசுகிற தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கடைத்தெருவில் தமிழ் பேசிச் சமாளிப்பவருக்கு ‘மேற்படி எதிரி மேற்படி குற்றச் சம்பவத்தில்’ என்று தொடங்கும் தாள் புரியாது. 1962-லேயே ஹரிகிஷன் வழக்கில், தடுப்புக்காவல் (குற்றம் நடக்காமல் தடுக்க முன்கூட்டியே அடைத்துவைப்பது) உத்தரவை ஆங்கிலத்தில் கொடுத்து வாயால் விளக்கியது போதாது, அவர் அறிந்த மொழியில் எழுதித் தர வேண்டும் என்று ஐந்து நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். சாதாரணக் கைதுக்கு அது வந்துசேர 63 ஆண்டுகள் ஆயின. படிக்கத் தெரியாதவருக்குத் தாளையும் தர வேண்டும், படித்தும் காட்ட வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இனி மிஹிர் ஷா தீர்ப்பு சொல்லும் நேரக் கணக்கு. கைது செய்த உடனே எழுதித் தர இயலாத நிலை இருந்தால் முதலில் வாயால் சொல்லலாம். ஆனால் நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே தாள் கையில் இருக்க வேண்டும். மாலை 5 மணிக்கு ரிமாண்ட் என்றால் 3 மணிக்குள். நடைமுறையில் பிசகுவது இங்கேதான். ரிமாண்ட் ரிப்போர்ட், கைதுக் குறிப்பு, கிரவுண்ட்ஸ் தாள் மூன்றையும் ஒரே மூச்சில் தயாரித்து, ஒரே கட்டாக நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நகல் தருவதில்லை, நேரமும் எழுதப்படுவதில்லை. நேரம் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் கழிந்ததா என்று பிறகு யாராலும் காட்ட முடியாது.

ஆகவே கையெழுத்துப் போடும்போது ‘நகல் பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியும் மணியும் சேர்த்து, தெரிந்த மொழியில் எழுத வேண்டும். நகல் வரவில்லையென்றால் வந்ததாக எழுதக் கூடாது. நடுவர் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கும் அந்த அரை நிமிடத்தில், ‘எனக்குத் தாள் தரவில்லை’ அல்லது ‘புரியவில்லை’ என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். இரவில் நடுவர் வீட்டில் ரிமாண்ட் நடந்தாலும் இதேதான். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர் இலவச சட்ட உதவி கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது. குடும்பத்தார் அழைக்க வேண்டிய எண் 15100.

தாள் தராமல் ரிமாண்ட் செய்தால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம். அவரை விடுவிக்க வேண்டும். அதோடு வழக்கு முடிந்துவிடாது. போலீஸார் முறையாக எழுதித் தந்து மறுபடி காவல் கேட்கலாம். அந்த மனுவை நடுவர் கூடியவரை ஒரு வாரத்தில் முடிவு செய்ய வேண்டும். குற்றவாளியைத் தப்பவிடும் தீர்ப்பு என்று பேசுகிறவர்கள் இந்தப் பகுதியையும் படிக்க வேண்டும்.

தாள் ஒழுங்காக இருந்து ரிமாண்ட் ஆனாலும் நாள்களை எண்ணத் தவறக் கூடாது. பத்தாண்டோ அதற்கு மேலோ, ஆயுளோ, மரணமோ தண்டனையாக உள்ள குற்றமென்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப் பத்திரிகை வராவிட்டால் பிணை உரிமை. ரிமாண்ட் ஆன நாளும் கணக்கில் சேரும் என்று 2023-இல் கபில் வாதாவன் வழக்கில் தீர்ந்தது. ஜூன் 1-இல் ரிமாண்ட் என்றால் ஜூலை 30 அறுபதாம் நாள். 31-ஆம் தேதி காலையிலேயே மனு போய்விட வேண்டும். மனு போடுமுன் குற்றப் பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

1992 ஜூன் 20-இல் தர்மபுரி மாவட்டப் பழங்குடி ஊரான வாச்சாத்தியில் சோதனைக்குப் போன வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் செய்த வன்கொடுமைகளுக்கு 2011-இல் தர்மபுரி அமர்வு நீதிமன்றம் 215 பேருக்குத் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-இல். காவலில் எடுத்தவரை எப்படி நடத்த வேண்டும் என்ற விதிகளை வெறும் காகித வேலை என்று இந்த வட்டாரத்தில் யாரும் சொல்ல முடியாது.

கிருஷ்ணகிரி மாவட்டக் காவல் துறையிடமும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமும் ஒரு கோரிக்கை. தெலுங்கிலும் கன்னடத்திலும் படிவம் அச்சடித்து வைப்பதால் பயனில்லை; கிரவுண்ட்ஸ் ஆளுக்கு ஆள் மாறும். எழுதத் தெரிந்த ஆள்தான் வேண்டும். எல்லையோர ஒன்றியங்களில் தெலுங்கு, கன்னட வழிப் பள்ளிகளும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். விருப்பமுள்ளவர்களின் பட்டியலைத் தொலைபேசி எண்ணுடன் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வைத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணமும் நிர்ணயித்துவிட்டால் இரண்டு மணி நேரம் தாராளம்.

இப்படிக்கு,
வழக்கறிஞர்கள் சிலர்,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்