மர்மச் சத்தமும் நீதிமன்ற விசாரணையும்

சேலையூர், சென்னை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும், உள்ளே மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டுகளும் வந்து சேர்ந்தன. மூட்டுவலி குறைந்தது பற்றிச் சந்தோஷம். இங்கே வெயில் கொளுத்துகிறது. காலையிலேயே தாம்பரம் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. மற்றபடி விசேஷமில்லை. இந்த விமானப்படைச் செய்திகளில் எது சரி, எது தப்பு என்று நீ கேட்டதற்கு வருகிறேன்.

"திண்டுக்கல்லில் மர்ம வெடிச்சத்தம், மக்கள் பீதி." இதில் மர்மம் என்ன இருக்கிறது? சூலூரில் தேஜஸ், தஞ்சாவூரில் சுகோய், இரண்டுமே ஒலியின் வேகத்தை மிஞ்சும் போர் விமானங்கள். உன் காதில் விழுந்தது பெரும்பாலும் அவற்றில் ஒன்றின் அதிர்வொலிதான். விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டும், அதாவது ஒலித்தடையை "உடைக்கும்" அந்த ஒரு நொடியில்தான் சத்தம் வரும் என்று எழுதுகிறார்கள் பார், தப்பு அங்கேதான் ஆரம்பம். படகு போகிற வழியெல்லாம் கரையில் அலை மோதுவதுபோல, ஒலியை மிஞ்சிப் பறக்கும் நேரம் முழுக்க அந்த அதிர்வு விமானத்தோடு இழுபட்டு வருகிறது. 36,000 அடியில் பறந்தால் தரையில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் அகலத்துக்குக் கேட்கும். திண்டுக்கல்லில் ஒரு முறை, வடமதுரையில் ஒரு முறை, மணப்பாறையில் ஒரு முறை. பத்திரிகையில் அது "அடுத்தடுத்து மூன்று இடங்களில் வெடிச்சத்தம்" ஆகிவிடும்.

வெளியே ஓடிவந்து பார்த்தால் வானத்தில் ஒன்றும் இல்லையாம், அதனால் மர்மமாம். பதினோரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து சத்தம் இறங்கிவர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் விமானம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டியிருக்கும். 2020 மே 20 அன்று பெங்களூரில் இதே கதைதான். நிலநடுக்கமா என்று ஊரே பதறியது. நகரத்துக்கு வெகு வெளியே, 36,000 முதல் 40,000 அடி உயரத்தில், சோதனை விமானம் ஒன்று வேகத்தைக் குறைத்தபோது எழுந்த சத்தமாக இருக்கலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் அன்றே விளக்கியது. 65 முதல் 80 கிலோமீட்டர் தள்ளிக்கூட அது கேட்கும் என்றும் சொன்னது. விளக்கம் வருவதற்குள் தலைப்பு ஊரைச் சுற்றிவிட்டது.

வேகக் கணக்கும் இதே லட்சணம்தான். அறிக்கையில் "மாக் 1.6", அதாவது ஒலியின் வேகத்தைப் போல 1.6 மடங்கு, என்றிருந்தால் அதை 1,225-ஆல் பெருக்கி மணிக்கு 1,960 கிலோமீட்டர் என்று போட்டுவிடுகிறார்கள். 1,225 என்பது கடல்மட்டத்துக் கணக்கு. 36,000 அடியில் குளிர் மைனஸ் 56 டிகிரி, அங்கே ஒலியின் வேகமே 1,062தான். பெருக்கிப் பார், 1,700 வரும்.

அடுத்த துண்டு, கோவை இருகூர் சம்பவம். 2019 ஜூலை 2 அன்று தேஜஸிலிருந்து வயலில் விழுந்ததைப் "பெட்ரோல் டேங்க்" என்று எழுதியிருக்கிறார்கள். அது விமானத்துக்கு வெளியே தொங்கவிடும் 1,200 லிட்டர் உபரித் தொட்டி. தேவைப்பட்டால் விமானியே கழற்றிவிடும்படிதான் அதைப் பொருத்துகிறார்கள். அன்று அது தானாகக் கழன்றது, அது வேறு விஷயம், விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் அதில் ஊற்றுவது பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய் ஜாதி எரிபொருள். உள்தொட்டியில் எரிபொருள் இருந்ததால் விமானம் சூலூரில் பத்திரமாக இறங்கியது. "டேங்க் கழன்றது" என்று மட்டும் படிப்பவன், மிச்சம் எதை வைத்துப் பறந்தது என்று குழம்பத்தான் செய்வான்.

"வயலில் இறங்கிய ஹெலிகாப்டர், பெரும் விபத்து தவிர்ப்பு" என்ற செய்தியும் அப்படித்தான். கியர்பாக்ஸ் எண்ணெயில் காந்த முனையுள்ள ஒரு அடைப்பான் இருக்கும், சிப் டிடெக்டர் என்பார்கள். இரும்புத் துகள் ஒட்டினால் விமானி முன்னால் விளக்கு எரியும். எரிந்தால் பார்த்து இறக்கு என்பதுதான் பாடம். இறக்கியதும் அதைக் கழற்றிப் பார்ப்பார்கள். மை மாதிரிப் பொடி என்றால் வழக்கமான தேய்மானம். துடைத்துப் போட்டு, தரையிலேயே ஓட்டிப் பார்த்து, விளக்கு மறுபடி எரியாவிட்டால் கிளம்பிவிடலாம். சில்லு சில்லாக வந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஒழுங்காக வேலை செய்த பாதுகாப்பு ஏற்பாட்டை விபத்துக் கணக்கில் சேர்ப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

குன்னூர் விபத்து பற்றி நீ கேட்டதற்குச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். 2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து குன்னூரை அடுத்த வெலிங்டன் போன எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர். அன்று மாலைக்குள் சதி, இயந்திரக் கோளாறு என்று வகை வகையாக எழுதினார்கள். 2022 ஜனவரி 14 அன்று வந்த முதற்கட்ட முடிவு இயந்திரக் கோளாறு, சதி, அலட்சியம் மூன்றையும் தள்ளிவிட்டது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது. விமானிக்குத் திசையும் நிலையும் பிடிபடாமல் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரமே மலையில் மோதியது. மேகத்துக்குள் கண்ணுக்கு அடிவானம் கிடைக்காது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வது பொய்யாகிவிடும், மீட்டரைத்தான் நம்ப வேண்டும். மலைச்சரிவில் அதற்குச் சில நொடிகள்தான் அவகாசம். சொல்லவேண்டிய செய்தி இதுதான். அது வந்தபோது உள்பக்கத்துக்குப் போய்விட்டது.

அதே விபத்தில்தான் "நீதிமன்ற விசாரணைக்கு உத்தரவு" என்று நீ அடிக்கோடிட்டு அனுப்பியதும். கோர்ட் ஆஃப் என்கொயரி என்பதை அப்படியே பெயர்த்திருக்கிறார்கள்! நீதிபதியும் இல்லை, வக்கீலும் இல்லை. படை அதிகாரிகள் சிலர் உட்கார்ந்து சாட்சி, பதிவுப் பெட்டி, பராமரிப்புப் பதிவேடு எல்லாம் பார்க்கும் உள்விசாரணை அது. விமானப்படையின் குரூப் கேப்டனைக் "கேப்டன்" என்று சுருக்குவதும் இந்த ரகம். குரூப் கேப்டன் தரைப்படையின் கர்னலுக்குச் சமம், அங்கே கேப்டன் அவருக்கு மூன்று படி கீழே.

செய்தியாளரை மட்டும் திட்டாதே. மாவட்டத்தில் அவருக்குக் கிடைப்பது பார்த்தவர் வாய்மொழியும் காவல் நிலையமும்தான். படையிலிருந்து நாலு வரி ஆங்கில அறிக்கை, அதுவும் தாமதமாக. இடைவெளியை நிரப்புவது தலைப்பு போடுபவர்.

இந்த நிரப்பல் எங்கே கொடுமையாகிறது தெரியுமா? 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய ஏஎன்-32 போக்குவரத்து விமானம், 29 பேரோடு காணாமல் போனது. ஒருவரின் செல்பேசி ஒலிக்கிறது என்று அப்போது செய்தி வந்தது. கூப்பிடுபவர் காதில் கேட்கும் மணி, எதிர்முனைச் செல்பேசியிலிருந்து வருவதில்லை, நெட்வொர்க்கே கொடுப்பது. அந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால், வீட்டில் காத்திருந்தவர்கள் மறுபடி மறுபடி எண்ணை அழுத்திக்கொண்டிருக்க மாட்டார்கள். சிதைவுகள் தென்பட்டதாக அறிவித்தது 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில். படமெடுத்தது நம் பள்ளிக்கரணை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி.

இன்னொரு முறை சத்தம் கேட்டால் மணியைக் குறித்துக்கொள். ஒற்றை இடியா, "டும்-டும்" என்று இரட்டையா என்று கவனி. மூக்கிலிருந்து ஒன்று, வாலிலிருந்து ஒன்று என்று வருவதால் விமானமானால் அநேகமாக இரட்டையாகக் கேட்கும். நிலநடுக்கமா இல்லையா என்று பிரித்தறிய, ஜன்னல் கண்ணாடி மட்டும் அதிர்ந்ததா, குடத்துத் தண்ணீரும் சேர்ந்து ஆடியதா என்றும் பார்த்து எழுது. பத்திரிகைத் துண்டையும் வை.

தங்கைக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
ராமு