தலையில் கை வைத்த பிள்ளைக்கு

ரங்கூன்
ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இன்று போனில் பேசும்போது உன் முகத்தைவிட உன் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசப் பேச அது தானாக எழும்பித் தலைமேல் போய் உட்கார்ந்தது. இறக்கினாய். இரண்டு நிமிஷத்தில் மறுபடி தலைக்குப் போனது. உன் அப்பத்தா இருந்திருந்தால் "தலையில கை வைக்காதடா, வீட்டுக்கு ஆகாது" என்று அதட்டியிருப்பார். எனக்கு அதட்டத் தோன்றவில்லை, வயிறுதான் கலங்கியது. ஏழு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே நாற்காலியில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் நரம்பு நெரிபடும்போது கையைத் தூக்கித் தலையில் வைத்தால் அதன் இழுப்பு கொஞ்சம் தளரும். யாரும் சொல்லித்தராமல் உடம்பே கண்டுபிடிக்கிற வழி அது. டாக்டர்கள்கூட அதை ஓர் அடையாளமாகப் பார்ப்பார்களாம்.

நான் விடாமல் கேட்ட பிறகுதான் ஸ்கேன் எடுத்ததைச் சொன்னாய். கழுத்தில் ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, கட்டைவிரல் மரத்துப்போகிறது என்றாய். மூன்று வாரமாக மறைத்திருக்கிறாய். சரி, அதை விடு. சிங்கப்பூரில் அடிக்கடி உடற்பயிற்சி சிகிச்சை தரும் பிசியோவிடம் போக லீவும் இல்லை, காசும் கட்டாது என்றாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய்.

எனக்கு ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில். தைக்கும்போது ஊசி குத்தாமல் அங்குஸ்தான் மாட்டுகிற நடுவிரல்தான் மரத்தது. ஊசி குத்தினால் தெரியவில்லை. முப்பது வருஷம் மெஷினில் குனிந்து தைத்த கழுத்து, அதற்கு மேல் மாடியிலிருந்து கயிறு இழுக்கிற வேலை. நம் தெருவில் எல்லார் வீட்டிலும் பால்கனியிலிருந்து கிளிப்போடு ஒரு கயிறு தொங்குமே, நினைவிருக்கிறதா? காய்கறிப் பையை அதில் மாட்டி, கழுத்தைக் கம்பிக்கு வெளியே நீட்டி நான்காவது மாடிக்கு இழுப்பேன். ஒருநாள் அப்படி இழுக்கும்போதுதான் தோளிலிருந்து விரல்வரை சுரீரென்று மின்சாரம் பாய்ந்தது.

அப்போது ஒரு தப்பு செய்தேன். கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பவரிடம் போனேன். ஒரே திருகு. அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை, மறுநாள் கத்திரிக்கோலைப் பிடிக்க விரலில் தெம்பில்லை. அப்படித் திருகும்போது கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவதும் உண்டு என்று பிறகு தெரிந்தது. அபூர்வம்தான், ஆனாலும் நடந்திருக்கிறது. முடிவெட்டிய பிறகு கடைக்காரர் அன்பாகக் கழுத்தைப் பிடித்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு. இது அம்மா மேல் சத்தியம்.

அப்புறம்தான் இங்கே ஒரு பிசியோ பெண்மணியிடம் போனேன். அவர் முதலில் என் பயத்தைத்தான் இறக்கிவைத்தார். ஜப்பானில் வலியே இல்லாத 1,200 பேருக்கு மேல் கழுத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்களாம். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் டிஸ்க் பிதுங்கித்தான் இருந்ததாம். பிதுங்கியதை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவதும் உண்டு, பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சில மாதங்களில் சரியாகும் என்றார். அதுவரை நரம்பைச் சீண்டாமல் இருப்பதுதான் நம் வேலை.

அவர் சொன்ன இன்னொரு கதையை நான் மறக்கவே இல்லை. நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்று ஒரு பிசியோ. 1956இல் காலுக்கு இறங்கிய முதுகுவலியோடு வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்து கிடந்தது. மெக்கன்சி பதறிக்கொண்டு வந்து பார்த்தால், கால் வலி போய்விட்டது என்கிறார் அவர்! வலி விலகும்போது முதலில் தூரத்திலிருந்துதான் விலகும் என்பதை மெக்கன்சி அங்கிருந்துதான் பிடித்தார். கழுத்துக்கும் அதே கணக்கு.

உனக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான் ராசா. பயிற்சி செய்யும்போது வலி எவ்வளவு என்று பார்க்காதே, எங்கே இருக்கிறது என்று பார். கட்டைவிரலில் இருந்தது முழங்கைக்கு ஏறி, அப்புறம் தோளுக்கு ஏறி, கழுத்தோடு நின்றால் நல்லது. கழுத்தில் கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் பரவாயில்லை, நூல் கட்டைக்குத் திரும்பச் சுற்றிக்கொள்கிறது என்று வைத்துக்கொள். அதற்கு மாறாகக் கழுத்து லேசாகி விரலில் குடைச்சல் கூடினால், அந்த அசைவு உனக்கு ஆகாது. உடனே நிறுத்து. இதைத் தெரிந்துகொள்ளாமல் பல்லைக் கடித்துக்கொண்டு செய்து நான் பத்து நாளை வீணடித்தேன்.

பயிற்சி சின்னதுதான். முதுகு நிமிர்ந்து உட்கார். கண் நேராக ஒரு புள்ளியைப் பார்க்கட்டும். தாடையை மேலேயும் தூக்காமல் கீழேயும் குனியாமல், மெஷின் டிராயரைத் தள்ளி மூடுவதுபோல முகத்தை அப்படியே நேர் பின்னால் தள்ளு. தாடைக்குக் கீழே மடிப்பு விழும். இரண்டு எண்ணிக்கை வைத்திருந்து விடு. 10 தடவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செய். காலையில் ஒரே மூச்சாக நூறு செய்வதால் பயனில்லை. உட்கார்ந்து செய்ய வலித்தால் மல்லாந்து படுத்து, பின்தலையைத் தலையணைக்குள் மெல்ல அழுத்து. எனக்கு முதல் வாரம் படுத்துத்தான் முடிந்தது.

அதைச் சொல்லித்தந்தபோது பிசியோ அம்மா ஜன்னல் வழியே தெருவைக் காட்டினார். தலையில் பலகாரத் தட்டோடு ஒரு பர்மியப் பெண் போய்க்கொண்டிருந்தாள். சும்மாட்டின் மேல் தட்டு அசையவில்லை, தாடை முன்னால் நீளவில்லை, தலை தோளுக்கு நேர்மேலே. "இப்படி இருக்கணும்" என்றார். அன்றிலிருந்து காலையில் கூவிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் தாடை தானாக உள்ளே போகிறது. பெரியவர் ஒருவரின் தலை 4, 5 கிலோ இருக்கும். குனிந்தே இருந்தால் அந்தப் பாரமெல்லாம் பின்கழுத்துத் தசைகள்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

விரல் கொஞ்சம் தெளிந்த பிறகு தோள்பட்டை எலும்பு இரண்டையும் பின்னால் சேர்த்துப் பிடிக்கும் பயிற்சி. 5 எண்ணிக்கை, 10 தடவை. அப்புறம் உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலை அசையாமல் லேசாகத் தள்ளுவது, அதேபோல் பக்கவாட்டில். தலையை வட்டமாகச் சுழற்றவே சுழற்றாதே. அங்கே நீ போன பிசியோவிடம் இன்னும் ஒரே ஒரு தடவை போய், நீ செய்வது சரிதானா என்று காட்டிவிட்டு வா. அதற்கான காசை அம்மா அனுப்புகிறேன், மறுக்காதே.

குப்புறப் படுக்காதே. சின்னத் துண்டைச் சுருட்டித் தலையணை உறைக்குள் கழுத்துப் பக்கம் வை. ஒத்தடம் தசையை இளக்கும், அவ்வளவுதான். இங்கே கரண்ட் வருவதும் போவதுமாக இருப்பதால் நான் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றித்தான் வைத்துக்கொள்கிறேன். உன் மடிக்கணினியைப் புத்தகங்களின் மேல் ஏற்றிக் கண்ணுக்கு நேராக வை, விசைப்பலகையைத் தனியாக வாங்கு.

இன்னொன்று, இதைப் படித்தவுடன் மனசில் குறித்துக்கொள். கையில் வலு குறைந்துகொண்டே போனாலோ, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ, நடக்கும்போது கால் தள்ளாடினாலோ, ஒன்றுக்கு இரண்டுக்கு அடக்க முடியாமல் போனாலோ, அது பயிற்சியில் சரியாகிற விஷயம் இல்லை. தண்டுவடமே நெரிபடுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். வேலையாவது லீவாவது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. அம்மாவிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

எனக்கு நடுவிரல் முழுசாகத் தெளிய நான்கு மாதம் ஆனது. இப்போதும் ஒவ்வொரு பாபின் தீரும்போதும் நிறுத்தி 10 தடவை செய்கிறேன். கயிறு இழுக்கும் வேலையைக் கீழ்வீட்டுப் பையன் பார்த்துக்கொள்கிறான்.

அடுத்த ஞாயிறு பேசும்போது போனை மடியில் வைக்காமல் முகத்துக்கு நேரே நிறுத்தி வை. மரத்தது எதுவரை ஏறியிருக்கிறது என்று கேட்பேன், மறைக்காமல் சொல். உன் வலது கை மேசைமேல் சும்மா கிடப்பதை நான் பார்க்க வேண்டும்.

உன்
அம்மா