அக்காவின் படபடப்பு: மும்பை மருத்துவர்களுக்கு ஒரு மடல்

தசை அழற்சி நோய்க்கு வைத்தியம் பார்க்கும் மும்பை மருத்துவர்களுக்கு வணக்கம்.

என் அக்கா செம்பூரில் இருக்கிறாள். போன வருடம் தலை பின்னக்கூடக் கையைத் தூக்க முடியாமல் போனது. தரையில் உட்கார்ந்தால் தொடையில் கை ஊன்றித்தான் எழுவாள். கண் இமையில் ஊதா நிறம், விரல் மொளிகளில் சிவப்புத் தடிப்பு. தோலையும் தசையையும் தாக்கும் டெர்மடோமயோசைட்டிஸ் என்று கண்டுபிடித்து ஸ்டீராய்டு கொடுத்தார்கள். தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் சிகே அளவு இறங்கியது, தலையை அவளே பின்னிக்கொண்டாள். பிழைத்தோம் என்றிருந்தோம்.

அப்புறம் ஒருநாள் குர்லா ஸ்டேஷன் படிக்கட்டில் பாதியிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "நெஞ்சு படபடன்னு அடிக்குதுடா" என்றாள். ஆஸ்பத்திரியில் நான்தான் இந்தியில் சொன்னேன்: கப்ராஹட். அந்தச் சொல்லுக்கு மனப்பதற்றம் என்றும் பொருள் உண்டு. டாக்டர் அப்படியே எடுத்துக்கொண்டு தூக்க மாத்திரை எழுதினார். மூச்சிரைப்புக்குத் தசை பலவீனம் காரணம் என்றார். தட்கன், அதாவது இதயத் துடிப்பு என்று சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்கு உறுத்துகிறது. ஆனால் நான் எந்தச் சொல் சொன்னாலும் ஒரு இசிஜி எடுத்திருக்கலாமே.

பிறகு, இதயத் தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் டி கூடுதலாக வந்தது. மாரடைப்பு என்றார் ஒருவர். தசையிலிருந்து வருவது, விடுங்கள் என்றார் இன்னொருவர். அடிபட்டுத் தேறிவரும் கை கால் தசையும் ட்ரோபோனின் டி-யை உண்டாக்குமாம், இதயத்துக்காகப் பார்க்கும் சிகே-எம்பி என்ற சிகே வகையும் அப்படித்தான். ட்ரோபோனின் ஐ இதயத் தசைக்கே உரியது. அதையும் எடுத்த பிறகுதான் குழப்பம் தீர்ந்தது. எம்ஆர்ஐயில் இதயத் தசையிலும் அழற்சி தெரிந்தது.

தசை அழற்சி உறுதியானதுமே இசிஜி, எக்கோ, ட்ரோபோனின் ஐ மூன்றையும் பார்த்துவிடுங்கள், நெஞ்சில் ஒன்றுமில்லை என்று நோயாளியே சொன்னாலும். பல பேருக்கு இதய பாதிப்பு வெளியே தெரியாமலே இருக்கிறது. எக்கோ சரியாக இருந்தும் எம்ஆர்ஐயில் தெரிவதுண்டு. இந்த நோயில் உயிரைப் பறிக்கும் காரணங்களில் இதயமும் முக்கியமானது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. மாட்டுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் எங்கள் ஆட்கள் அரைகுறை இந்தியோடு உங்களிடம் வருகிறார்கள். அக்காவின் சிக்கலைக் கண்டுபிடித்த டாக்டர் எந்தச் சொல்லையும் கேட்கவில்லை. "எப்படி அடிக்குது, மேஜையில் தட்டிக் காட்டுங்க" என்றார். அக்கா விரலால் நாலு தட்டுத் தட்டினாள், நிறுத்தினாள், பிறகு வேகவேகமாக மூன்று. அவர் உடனே எழுந்து இசிஜிக்குச் சொன்னார். நீங்களும் அப்படித் தட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செம்பூரிலிருந்து ஒரு தம்பி