ஞாயிறு கேட்பரங்கம்: சோல் இசையும் சிம்பொனியும்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். இந்த ஞாயிறு இரவு 8 மணிக்கு அமெரிக்காவின் சோல் இசைப் (சர்ச் பாடல்களில் வேர்விட்ட கறுப்பின மக்களின் இசை) பாடகி அரீதா ஃபிராங்க்ளின் கேட்கிறோம்.

1998 பிப்ரவரி, நியூயார்க், கிராமி இசை விருது விழா. பாட வேண்டிய இத்தாலிய ஒபேரா பாடகர் பவரொட்டிக்குத் தொண்டை சரியில்லை. விழா நடந்துகொண்டிருக்கும்போதே, அவருக்குப் பதிலாகப் பாட முடியுமா என்று அரீதாவைக் கேட்கிறார்கள். பாட வேண்டியதோ, இசையமைப்பாளர் புச்சினி தன் ஒபேராவில் (பாட்டாகவே நடக்கும் நாடகம்) ஆண் குரலுக்கு எழுதிய பாட்டு. ஆர்கெஸ்ட்ராவின் கையில் இருந்ததோ பவரொட்டியின் சுருதிக்கான இசைக்குறிப்புத் தாள்கள்; மாற்ற நேரமில்லை. அதே சுருதியில் பாடினார்! இரண்டு நாள் முன்புதான் வேறொரு மேடையில் இதைப் பாடியிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சர்ச்சில் வளர்ந்த குரல் அது. நினைத்த இடத்தில் இழுக்கும், வளைக்கும், நிற்கும். ஆர்கெஸ்ட்ராவோ தாளில் உள்ளதை வாசிப்பது. இடையில் மாட்டிக்கொள்பவர் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர்தான். (நம் கச்சேரியில் பாடகரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் வயலின்காரர் நினைவுக்கு வருகிறார்.)

சோலுக்கும் சிம்பொனிக்கும் உள்ள இந்த உறவு திடீரென வந்ததும் அல்ல. 1960களில், டெட்ராய்ட் நகரின் சோல் இசை நிறுவனமான மோட்டவுனின் பாடல்களுக்கு வயலின் வாசித்தவர்களில் பலர் டெட்ராய்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராக்காரர்கள். 2022இல் லண்டனின் ப்ராம்ஸ் (Proms) இசை விழாவில் கண்டக்டர் ஜூல்ஸ் பக்லியின் ஆர்கெஸ்ட்ராவோடு பாடகி ஷெலேயா, அரீதாவின் பாடல்களைப் பாடினார். நேரம் இருந்தால் அதையும் கேட்போம்.

ஹெட்போன் கட்டாயம். போன் ஸ்பீக்கரில் செல்லோ (வயலின் குடும்பத்தின் கனத்த குரல்) காணாமல் போய்விடும். அரங்கம் முடியும்வரை குட் மார்னிங் படங்கள், ஃபார்வர்டுகள் வேண்டாம், ப்ளீஸ்.

– அட்மின்